நினைவுப்பேழை மறுக்கப்பட்ட ராபின்: ஸ்டெஃபனி பிரவுன் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் சாவு நிரந்தரமல்ல என்பது அதைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. 1992ஆம் ஆண்டின் இறுதியில் மாண்ட சூப்பர்மேன் அடுத்த ஆண்டே எழுந்து வந்துவிட்டார். ஆகவே ஒரு கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று புலம்புவதில் பொருளில்லை. பேட்மேன் கதைகளில் வரும் ஸ்டெஃபனி பிரவுன் விஷயத்தில் வாசகர்களின் மனக்குறை வேறு வகையைச் சேர்ந்தது. அவளுக்கு ராபின், அதாவது பேட்மேனின் இளம் துணைநாயகர், என்ற பதவியைக் கொடுத்ததே அவளைக் கொல்வதற்காகத்தான் என்பதும், கொன்ற பிறகு அந்தப் பதவியில் அவள் இருந்ததையே கணக்கில் எடுக்க மறுத்தார்கள் என்பதும், அந்த மறுப்புக்குப் பொருத்தமாகக் கதையின் தர்க்கமே மீண்டும் மீண்டும் வளைக்கப்பட்டது என்பதும்தான் இங்கே ஆராயப்பட வேண்டியவை. டிசி நிறுவனத்தின் பேட்மேன் வரிசை இதழ்களில் 1992 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவள் கடந்து வந்த பாதையை இக்கட்டுரை அந்த நோக்கில் பார்க்கிறது.

பின்னணி

1992ஆம் ஆண்டு வெளியான டிடெக்டிவ் காமிக்ஸ் 647ஆம் இதழில், எழுத்தாளர் சக் டிக்சனும் ஓவியர் டாம் லைலும் ஸ்டெஃபனியை அறிமுகப்படுத்தினார்கள். அவளுடைய தந்தை ஆர்தர் பிரவுன், க்ளூமாஸ்டர் என்ற பெயரில் திருடும் மூன்றாந்தர வில்லன். ஒவ்வொரு குற்றத்துக்கும் முன்னால் ஏதாவது ஒரு துப்பை விட்டுச் செல்வது அவனது வியாதி. சிறையிலிருந்து திரும்பியபோது அந்த வியாதி மட்டும் குணமாகியிருந்தது, திருட்டுப் புத்தி குணமாகவில்லை. அப்பன் விடாத துப்புகளை மகளே முகத்தை மூடிக்கொண்டு காவல்துறைக்கு விட்டுவைத்தாள். அவனது திட்டத்தைக் கெடுப்பவள் என்பதால் தனக்கு ஸ்பாய்லர் என்று பெயரிட்டுக்கொண்டாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முக்காட்டு உடை, பணபலம் இல்லை, பயிற்சி இல்லை, யாரும் அழைக்கவும் இல்லை. முதல் சந்திப்பிலேயே, தன் முகமூடியை விலக்கிப் பார்த்த ராபினைச் செங்கல்லால் அடித்தவள் அவள்.

மூன்று இதழ்களோடு முடிந்திருக்க வேண்டிய அந்தப் பாத்திரம் வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டாள். மூன்றாவது ராபினான டிம் டிரேக்கின் சொந்த இதழில் அவனுடைய காதலியாகவும் கூட்டாளியாகவும் நிலைபெற்றாள். அந்த ஆண்டுகளிலேயே ஒரு சமமின்மை கதைக்குள் குடியேறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். டிம்முக்கு அவள் யார், வீடு எங்கே, தாய் யார் என்பதெல்லாம் தெரியும். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. முந்தைய காதலனால் கருவுற்றிருந்த ஸ்டெஃபனி, பிரசவப் பயிற்சி வகுப்புக்குச் செல்லும்போது டிம் துணைக்குச் செல்கிறான், ஆனால் ஆல்வின் டிரேப்பர் என்ற பொய்ப் பெயரில். குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு அவள் மீண்டும் கூரைகளின் மேல் ஓடத் தொடங்குகிறாள். டிம்மின் உண்மைப் பெயரை அவளிடம் கடைசியில் சொன்னவரும் அவனல்ல, அவனைக் கேட்காமலே சொன்ன பேட்மேன்தான். பேட்மேன் அவளுக்குப் பயிற்சி அளிப்பார், பிறகு நிறுத்திவிடுவார், வீட்டுக்குப் போ என்பார், மறுபடி அழைப்பார். தேவைப்படும்போது கறிவேப்பிலையாக அள்ளிப் போட்டுப் பிறகு ஒதுக்கும் இந்த வழக்கம் 2004க்கு முன்பே பழகிப்போயிருந்தது.

2004: பதவியும் பலியும்

டிம்முடைய தந்தைக்கு அவன் இரட்டை வாழ்க்கை தெரிய வந்ததும் அவன் ராபின் பொறுப்பைத் துறக்கிறான். ஸ்டெஃபனி தானே ஒரு ராபின் உடையைத் தைத்து அணிந்துகொண்டு பேட்மேனின் குகைக்குள் நுழைந்து, அந்த இடத்தைக் கேட்கிறாள். அவரும் கொடுக்கிறார். பில் வில்லிங்ஹாம் எழுதி டேமியன் ஸ்காட் வரைந்த ராபின் 126ஆம் இதழ் அது. பிரதான கதைத் தொடர்ச்சியில் ஒரு பெண் ராபின் ஆனது அதுவே முதல் முறை. 1986இல் வந்த கேரி கெல்லி தனித்த எதிர்காலக் கதை ஒன்றுக்கு மட்டும் உரியவள். முதல் ராபினான டிக் கிரேசன் 1940இல் அறிமுகமானதிலிருந்து அறுபத்து நான்கு ஆண்டுகளாகச் சிறுவர்களின் சொத்தாக இருந்த அந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சள் உடையில் ஒரு பெண்ணைப் பார்த்த வாசகிகளின் மகிழ்ச்சி பெரிது. நிறுவனத்துக்கும் அது தெரியாமல் இல்லை.

128ஆம் இதழிலேயே அவள் நீக்கப்பட்டாள். நீக்கியதற்கான காரணத்தைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. விமானத்திலேயே இரு என்று பேட்மேன் கட்டளையிட்டிருந்தார். கூலிக் கொலையாளி ஒருத்தியிடம் அவர் சண்டையிடுவதைக் கண்ட ஸ்டெஃபனி, உதவி செய்ய இறங்கி வந்தாள், மாட்டிக்கொண்டாள். கட்டளையை மீறிய குற்றத்துக்காக அன்றே பதவி பறிபோனது. இப்போது 1989ஆம் ஆண்டுக்குப் போவோம். பேட்மேனும் நைட்விங்கும் (வளர்ந்துவிட்ட டிக் கிரேசனின் புதுப் பெயர்) டூ-ஃபேஸ் என்ற வில்லனிடம் சிக்கியபோது, ஒரு சிறுவன் யாருடைய அனுமதியும் இல்லாமல் ராபின் உடையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்களைக் காப்பாற்றப் போனான். அந்தச் சிறுவன்தான் டிம் டிரேக். அந்தக் கீழ்ப்படியாமைதான் அவனுக்கு ராபின் பதவியைப் பெற்றுத் தந்தது. ஒரே செயல் ஒருவனுக்கு நுழைவுச்சீட்டாகவும் இன்னொருத்திக்கு வெளியேற்ற உத்தரவாகவும் மாறியதை, கதைக்குள் எவரும் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டியிருந்தால் அது ஒரு நல்ல கதையாகக்கூட ஆகியிருக்கும்.

உடனே தொடங்கியது ‘வார் கேம்ஸ்’ என்ற க்ராஸ்ஓவர், அதாவது பல இதழ்களில் தொடரும் ஒரே கதை. பேட்மேன் குடும்பத்தின் எல்லா இதழ்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று அங்கங்களாக நடந்த மாபெரும் கும்பல் போர். தன் தகுதியை நிரூபிக்கத் துடித்த ஸ்டெஃபனி, பேட்மேனின் கணினியில் இருந்த ஓர் அவசரகாலத் திட்டத்தை எடுத்துச் செயல்படுத்துகிறாள். பேட்மேனின் ஊரான கோத்தம் நகரின் கும்பல் தலைவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி, மேட்சஸ் மலோன் என்பவனின் தலைமையின் கீழ் அவர்களைக் கொண்டுவருவதே அந்தத் திட்டம். எல்லோரும் வந்தார்கள், மலோன் வரவில்லை. ஏனென்றால் மேட்சஸ் மலோன் என்பது பேட்மேன் தாமே போடும் மாறுவேடம், அதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. அழைத்தவர் யார் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் சந்தேகித்த தலைவர்களிடையே துப்பாக்கிச் சூடு மூள்கிறது, நகரமே தீப்பற்றுகிறது.

இந்த இடம்தான் முழு நிகழ்விலும் என்னை அதிகம் உறுத்துவது. கதை தன்னையறியாமல் ஓர் உண்மையை எழுதிவிட்டது: திட்டம் தோற்றதற்குக் காரணம் அவளுடைய அறியாமை, அந்த அறியாமைக்குக் காரணம் பேட்மேனின் அவநம்பிக்கை. டிம்முக்கோ டிக்குக்கோ மலோன் யார் என்று தெரியும். அவர்களில் ஒருவர் அதே கோப்பைத் திறந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. இத்தனை இருந்தும், பின்வந்த இதழ்களில் ‘ஸ்டெஃபனி மூட்டிய போர்’ என்றே அது பேசப்பட்டது. பொறுப்பின் பெரும்பங்கு யாருக்கு உரியதோ அவரே நீதிபதியாக நின்றார்.

பிளாக் மாஸ்க் என்ற வில்லன் அவளைப் பிடித்துக் கட்டிவைத்துத் துளைப்பான் கருவி உட்படப் பல கருவிகளால் சித்திரவதை செய்யும் பக்கங்களைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. இரண்டாவது ராபினான ஜேசன் டாடை ஜோக்கர் கடப்பாரையால் அடிக்கும் காட்சியும் கொடியதே. ஆனால் ஸ்டெஃபனியின் உடலை அந்தப் பக்கங்கள் வரைந்த விதத்தில், வலியோடு சேர்த்து ஒரு கவர்ச்சியும் கலந்திருந்தது என்று அன்றே எழுந்த கண்டனம் சரியானது. அவள் தப்பி வெளியே வருகிறாள். மருத்துவர் லெஸ்லி தாம்ப்கின்ஸின் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். பேட்மேன் 633ஆம் இதழில், படுக்கையில் கிடந்தபடி, நான் உண்மையிலேயே ராபினாக இருந்தேனா என்ற பொருளில் பேட்மேனிடம் கேட்கிறாள். ஆம், சந்தேகமென்ன என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். அவள் இறக்கிறாள்.

முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு

அந்தச் சமயத்தில் பேட்கேர்ள் இதழை எழுதிக்கொண்டிருந்த டிலன் ஹாராக்ஸ் பின்னாளில் சொன்னது, வாசகர்களின் ஐயத்தை உறுதிப்படுத்தியது. ஸ்டெஃபனியைக் கொல்வது என்று ஆசிரியர் குழு முதலிலேயே முடிவு செய்துவிட்டது. அவளை ராபின் ஆக்கியது வாசகர்களைத் திசைதிருப்பும் உத்தி மட்டுமே என்பதே அவர் கூற்றின் சாரம். பெரிய செய்தி இதுதான் போலும் என்று வாசகர்கள் நம்பிக்கொண்டிருக்கும்போதே அவளைச் சாகடித்து அதிர்ச்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. மருத்துவமனைப் படுக்கையில் அவள் கேட்ட கேள்விக்கு, பேட்மேன் சொன்ன பதிலும் அவரை எழுதியவர்களின் பதிலும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாகிறது.

ஜேசன் டாடின் முடிவோடு இதை ஒப்பிடுவது தவிர்க்க முடியாதது. 1988இல் வாசகர்கள் தொலைபேசியில் வாக்களித்து அவன் சாவைத் தீர்மானித்தார்கள்: சாகட்டும் என்று 5,343 வாக்குகள், பிழைக்கட்டும் என்று 5,271. அந்த வாக்கெடுப்பு அருவருப்பான வியாபாரம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. என்றாலும், வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவனைக் கொன்ற குற்றவுணர்வு, நிறுவனத்தையும் பேட்மேனையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. குகையின் நடுவே கண்ணாடிப் பேழைக்குள் ஜேசனின் உடை நிறுத்தப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு எந்த ஓவியர் குகையை வரைந்தாலும் பின்னணியில் அந்தப் பேழை இருக்கும். பேட்மேனின் ஒவ்வொரு தயக்கத்துக்கும் அது விளக்கமாக நிற்கும். கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெறுத்த ஒரு பாத்திரத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

ஸ்டெஃபனிக்குப் பேழை வைக்கப்படவில்லை. ஏன் என்று வாசகர்கள் கேட்டபோது, அவள் உண்மையான ராபினே அல்ல என்ற தொனியில் நிறுவனத் தரப்பில் பதில் வந்தது. ‘ப்ராஜெக்ட் கேர்ள் ஒண்டர்’ என்ற பெயரில் வாசகிகள் ஓர் இயக்கமே நடத்தினார்கள். அவர்கள் கேட்டது அவளை உயிர்ப்பித்துத் தரச் சொல்லி அல்ல. ஒரு கண்ணாடிப் பெட்டியை, ஓவியர் ஒருவர் சில கோடுகளில் போட்டுவிடக்கூடிய ஒரு பின்னணிப் பொருளைத்தான் கேட்டார்கள். அதற்கே இத்தனை பிடிவாதம் காட்டப்பட்டது என்பதுதான் வாசகர்களின் எரிச்சலைக் கோபமாக மாற்றியது. நாயகனின் துயரத்துக்குத் தீனியாகப் பெண் பாத்திரங்களைச் சிதைப்பதை 1999இலேயே காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் பட்டியலிட்டுக் காட்டியிருந்தார். ஸ்டெஃபனி விஷயத்தில் நாயகன் நெடுநாள் துயரப்படக்கூட இல்லை. அந்த வகையில் இது பட்டியலின் விதியையும் மிஞ்சியது.

சாவைத் திருத்திய சாவு

2005இல் வந்த ‘வார் க்ரைம்ஸ்’ நிலைமையை இன்னும் கெடுத்தது. ஸ்டெஃபனி காயத்தால் சாகவில்லை, லெஸ்லி தாம்ப்கின்ஸ் வேண்டுமென்றே சிகிச்சையை நிறுத்தி அவளைச் சாகவிட்டார், இளம்பிள்ளைகளைப் போருக்கு இழுக்கும் பேட்மேனுக்குப் பாடம் புகட்டத்தான் அப்படிச் செய்தார் என்று அது சொன்னது. லெஸ்லி 1976இல் அறிமுகமானவர். பெற்றோரை இழந்த சிறுவன் புரூஸ் வெய்னுக்கு, அதாவது பின்னாளைய பேட்மேனுக்கு, ஆறுதலாக நின்ற, வன்முறையை எந்த வடிவிலும் ஏற்காத மருத்துவர். அவர் ஒரு நோயாளிச் சிறுமியைக் கொன்றார் என்பதை நம்ப வேண்டுமானால் முப்பதாண்டுக் கதையைக் கிழித்துப் போட வேண்டும். இதனால் பேட்மேன் குற்றத்திலிருந்து விடுபட்டார், அது உண்மை. ஒரு பெண்ணின் சாவுக்கு இன்னொரு பெண்ணைப் பொறுப்பாக்கி, இரண்டு பாத்திரங்களையும் ஒரே அடியில் பாழாக்கிய கதை என்றே இதை மதிப்பிட முடியும்.

2008இல் சக் டிக்சன் மீண்டும் ராபின் இதழுக்கு வந்தபோது, தாம் உருவாக்கிய பாத்திரத்தைத் தாமே மீட்டார். லெஸ்லி அவளைக் கொல்லவில்லை, செத்ததாக நாடகமாடி ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போய்க் காப்பாற்றினார் என்று ஆனது. லெஸ்லியின் பெயரும் இதில் துலங்கியது. ஆனால் அதே கதையில் ஒரு சிறு ஒட்டுப்போடலும் உண்டு: அவள் உயிரோடு இருக்கலாம் என்று தமக்கு எப்போதும் சந்தேகம் இருந்தது, அதனால்தான் பேழை வைக்கவில்லை என்று பேட்மேன் விளக்குகிறார். ஆசிரியர் குழுவின் அலட்சியத்தைத் துப்பறிவாளனின் கூர்மையாக மாற்றிக் காட்டும் இந்த வரி சாமர்த்தியமானது. நான்கு ஆண்டு வாசகர் கோபத்துக்கு அது பதிலாகாது.

பேட்கேர்ள்: இருபத்து நான்கு இதழ்கள்

2009 முதல் 2011 வரை ப்ரையன் க்யூ. மில்லர் எழுதிய பேட்கேர்ள் தொடர், இந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்த நல்ல காலம். லீ கார்பெட் தொடக்க இதழ்களை வரைந்தார். கல்லூரியில் சேர்ந்திருக்கும் ஸ்டெஃபனி, சக்கர நாற்காலியில் இருந்தபடி வழிநடத்தும், ஒருகாலத்தில் பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டன், இருவருக்கும் இடையே மெல்ல வளரும் நம்பிக்கை என்று நகர்ந்த தொடர் அது. தோற்றவள், செத்தவள், விரட்டப்பட்டவள் என்ற அவளுடைய பழைய கணக்கையெல்லாம் மறைக்காமல், அதையே அவளுடைய நகைச்சுவைக்கும் பிடிவாதத்துக்கும் ஊற்றாக மில்லர் மாற்றினார். 2010இல் அவர் எழுதிய ஒரு தனி இதழில், இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்த புரூஸ் வெய்ன் திரும்பி வந்து முன்னால் நிற்கும்போது, ஸ்டெஃபனி அவரை ஓங்கி ஓர் அறை விடுகிறாள். 2004 முதல் அந்த அறைக்காகக் காத்திருந்தவர்கள் பலர்.

இந்தத் தொடரும் பழுதற்றதல்ல. முந்தைய பேட்கேர்ளான காசாண்ட்ரா கெய்ன், முதல் இதழிலேயே உடையைக் கழற்றி ஸ்டெஃபனி கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவளைக் காரணமின்றி வில்லி ஆக்கிய கதைகளால் காசாண்ட்ராவின் வாசகர்கள் ஏற்கெனவே புண்பட்டிருந்தார்கள். இந்தக் கைமாற்றம் அவர்களை மேலும் புண்படுத்தியது. இரண்டு தோழிகளின் வாசகர்கள் ஒரே முகமூடிக்காக மோத வேண்டியிருந்ததற்கு அந்த வாசகர்கள் காரணமல்ல. ராபின் உடையில் வளர்ந்த ஆண்கள் நைட்விங், ரெட் ஹூட், ரெட் ராபின் என்று ஆளுக்கொரு பெயரோடு பிரிந்து வாழ இடமிருந்த அதே கோத்தமில், பெண்களுக்கு ஒற்றை நாற்காலிதான் போடப்பட்டிருந்தது.

2011 செப்டம்பரில் டிசி தன் முழு வரிசையையும் ‘நியூ 52’ என்று புதிதாகத் தொடங்கியது. பார்பரா மீண்டும் எழுந்து நடந்து பேட்கேர்ள் ஆனார். ஸ்டெஃபனியின் தொடர் 24ஆம் இதழோடு நின்றது. தான் வாழ்ந்திருக்கக்கூடிய எதிர்காலங்களை அவள் மயக்கநிலையில் காண்பதாக மில்லர் அந்தக் கடைசி இதழை எழுதினார். எழுதக் கிடைக்காத கதைகளையெல்லாம் ஒவ்வொரு படமாகக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் புதிய உலகில் ஸ்டெஃபனி இல்லை. சாகவில்லை, பிறக்கவே இல்லை. அந்த ஆண்டு சான் டியேகோ காமிக்-கான் என்ற காமிக்ஸ் மாநாட்டில் பேட்கேர்ள் உடையணிந்து வந்த வாசகி ஒருவர், அரங்கு அரங்காகப் போய் நிறுவனத்தாரிடம் பெண் படைப்பாளிகள் பற்றியும் ஸ்டெஃபனி பற்றியும் கேள்வி கேட்டது பரவலாகப் பேசப்பட்டது. 2012இல் மில்லர் எழுதிய ஸ்மால்வில் காமிக்ஸில் அவள் நைட்விங்காக வருவாள் என்று படத்தோடு செய்தி வந்தது. வெளியானபோது அந்த இடத்தில் பார்பரா இருந்தார். பிரதான தொடர்ச்சியோடு தொடர்பே இல்லாத, ஒரு தொலைக்காட்சித் தொடரின் நீட்சியான இதழில்கூட அவளை அனுமதிக்காதது ஏன் என்பதற்கு நம்பும்படியான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் இவளுக்கு?

நிறுவனத்தில் யாரோ ஒருவருக்கு இவள்மேல் தனிப்பட்ட வெறுப்பு என்று வாசகர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. எனக்கு அந்த விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு பெரிய க்ராஸ்ஓவருக்கு வாசகரை உலுக்கும் ஒரு சாவு தேவை. பேட்மேனைக் கொல்ல முடியாது. படம், பொம்மை, தொலைக்காட்சி என்று வருமானம் தரும் டிக், பார்பரா போன்றவர்களையும் தொட முடியாது. யாருக்கும் தெரியாத பாத்திரத்தைக் கொன்றால் யாரும் அழமாட்டார்கள். ஆக, அழவைக்கும் அளவுக்கு நேசிக்கப்பட்ட, ஆனால் வணிக உரிமத்தின் பாதுகாப்பு இல்லாத ஒருவர் வேண்டும். 2004இல் அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியவள் ஸ்டெஃபனி. வாசகர்களின் அன்பே அவளைப் பலிகடாவாகத் தகுதிப்படுத்தியது. 2011இலும் இதே கணக்குதான்: பொதுமக்களுக்குத் தெரிந்த பேட்கேர்ள் பார்பரா, எனவே மற்றவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

துணைநாயகர் என்ற வகையே இதற்கு வாகானது. தலைமை நாயகன் மாறக்கூடாது என்பது இந்த வியாபாரத்தின் அடிப்படை. மாற்றம், வளர்ச்சி, இழப்பு எல்லாவற்றையும் அவன் அருகில் நிற்பவர்களே சுமக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் நாயகனைவிட உயிருள்ளவர்களாகத் தெரிகிறார்கள், அதனால்தான் அவர்கள்மேல் கை வைப்பதும் சுலபமாகிறது. ஸ்டெஃபனியின் கதையில் கூடுதலாக இருந்தது, அவள் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாமல் தானாக வந்தவள் என்பது. அனாதை வாரிசு அல்ல, மேதைச் சிறுவன் அல்ல, சின்னத் திருடனின் மகள். தகுதி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாளரும் அவளை முதலிலிருந்து சோதித்தார்கள். வெற்றி பெற்ற சோதனைகளை அடுத்து வந்தவர் மறந்துவிட்டார்.

இன்றைய நிலை

2014இல் ‘பேட்மேன் எடர்னல்’ வார இதழின் வழியே ஸ்டெஃபனி புதிய தொடர்ச்சிக்குள் வந்தாள், பழைய ஸ்பாய்லராக, ராபின் என்ற கடந்தகாலம் இல்லாமல். 2016 முதல் டிடெக்டிவ் காமிக்ஸ் குழுவில் காசாண்ட்ராவோடும் டிம்மோடும் இடம்பெற்றாள். 2020இல் ராபினின் எண்பதாம் ஆண்டுச் சிறப்பிதழில் அவள் ராபினாக இருந்த நாட்களைப் பற்றிய ஒரு சிறுகதை சேர்க்கப்பட்டது. ஏமி வுல்ஃப்ரம் எழுத, 2004இல் அவளை அந்த உடையில் வரைந்த அதே டேமியன் ஸ்காட் வரைந்தார். அவள் ராபின் அல்ல என்ற வாதம் அத்துடன் நிறுவனத்தின் கையாலேயே முடித்து வைக்கப்பட்டது. 2021இன் இறுதியில் தொடங்கிய ‘பேட்கேர்ள்ஸ்’ தொடரில் ஸ்டெஃபனியும் காசாண்ட்ராவும் ஒரே பெயரை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டார்கள், பார்பராவின் மேற்பார்வையில். மூன்று பேருக்கும் இடமுண்டு என்று காட்டிய அந்தத் தொடர் 2023இல் 19 இதழ்களோடு நின்றது.

பேழை இனித் தேவையில்லை, அவள்தான் உயிரோடு இருக்கிறாளே. நிலுவையில் இருப்பது வேறொன்று. ‘வார் கேம்ஸ்’ நடந்தது, அவள் தொடங்கிவைத்தாள் என்பது இன்றும் அவளுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்சஸ் மலோன் யார் என்பதை அவளிடம் சொல்லாமல் விட்டதற்குப் பேட்மேன் அவள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரு கதையை, இருபது பக்கத்தில் அடங்கக்கூடிய ஒரே ஓர் இதழாகவாவது, யாராவது எழுதலாம்.